குப்பைமேட்டருகே கிணறு தோண்டுமுன்: மின்தடை ஆய்வின் பயன்

திருவண்ணாமலை வட்டாரத்தில் குடியானவர்களின் ஜீவாதாரம் கிணறேயாகும். மழை குறைந்தால் ஏரி வறண்டுவிடும். ஏரி வறண்டபின் நெல்லுக்கும் கரும்புக்கும் மணிலாவுக்கும் கிணற்று நீரையன்றி வேறு கதியில்லை. ஆனால் இப்பகுதியில் பூமியின் அடியிலிருப்பது கடினப் பாறை. மேலே மண்ணும் உளுத்த பாறையும், அவற்றின் கீழ் கெட்டிப் பாறையிலுள்ள வெடிப்புகளும் ஆகிய இவ்விடங்களில் மாத்திரமே நீர் தங்கி நிற்கிறது. ஒரே புலத்தில் ஒரு மூலையில் நீர் பொங்கும். மறு மூலையில் எவ்வளவு தோண்டினும் புழுதியே வரும். ஆகவே, கடன் வாங்கிக் கிணறு தோண்டும் ஒவ்வொரு ரயத்துக்கும் இடந் தேர்வது பெருங் கவலையாக இருக்கிறது.

முன்னாளில் வேப்பங்குச்சியும் தேங்காயும் கொண்டு நீரோட்டம் பார்ப்பவரை அழைத்து வந்தனர். இன்றும் சிலர் அழைக்கின்றனர். எனினும் பலர் இப்பொழுது மின்தடைக் கருவியை நாடுகின்றனர். வேளாண்மைப் பொறியியல் இலாகாவினரும் இக்கருவியைக் கொண்டு குடியானவர்களுக்கு நிலத்தடி நீர் பார்த்துக் கொடுக்கின்றனர். இது வரவேற்கத்தக்கதே. ஆனால், "கருவி குறைந்த எண்ணைக் காட்டினால் அங்கே நல்ல நீர் உண்டு" என்னும் ஒரு தவறான எண்ணம் கிராமங்களில் பரவியிருக்கிறது. குப்பைமேடு, தோல் பதனிடும் சாலை, சாயச்சாலை ஆகியவற்றின் அருகில் இவ்வெண்ணம் ஒரு குடும்பத்தையே கெடுத்துவிடக்கூடும். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு கிணற்றின் வரலாறு

திருவண்ணாமலையை அடுத்த ஒரு கிராமத்தில், பல ஆண்டுகளாகக் குப்பை கொட்டப்பட்டு வந்த ஒரு மேட்டின் தாழ்புறத்தில் ஒரு ரயத்தின் புன்செய் உள்ளது. அவர் தனியார் ஒருவரைக் கொண்டு மின்தடை பார்த்தார். சுமார் 15 மீட்டர் ஆழத்தில் கருவி 6 ஓம்-மீட்டர் காட்டிற்று. "ஏராளமான நீர் இருக்கிறது" என்று சொல்லப்பட்டது. நகையை அடகு வைத்து ஆழ்துளைக் கிணறு போட்டார். நீரும் ஏராளமாகவே வந்தது. ஆனால் அந்நீரைப் பாய்ச்சிய மணிலாச் செடிகளின் இலை ஓரங்கள் கருகலாயின. பாத்தியின் மேல் வெண்மையான உப்புப் பூத்தது. மாடுகள் அந்நீரைக் குடிக்க மறுத்தன. நீரைச் சோதனைச் சாலைக்கு அனுப்பியபோது அதன் மின்கடத்தும் திறன் 4.2 டெசிசைமன்ஸ்/மீட்டர் என்று தெரிய வந்தது. "மீட்டர் பொய் சொல்லிவிட்டதே, ஐயா" என்று அவர் எம்மிடம் வருந்தினார். உண்மையில் கருவி பொய் சொல்லவில்லை. அது சொன்னதைப் பொருள் கொண்ட விதமே பிழையாகும்.

கருவி வேலை செய்யும் விதம்

பூமியில் மின்சாரத்தைச் செலுத்தி அதன் தன்மையை அறியும் முறை புதியதன்று. பிரான்சு தேசத்தில் கான்ராட் ஷ்லும்பெர்ஜர் என்பவர் 1912-ஆம் ஆண்டில் இவ்வழியில் சோதனைகளைத் தொடங்கினார். அமெரிக்காவில் பிராங்க் வென்னர் என்பவர் 1915-ஆம் ஆண்டில் நான்கு முளைகளைக் கொண்டு அளக்கும் எளிய முறையை வெளியிட்டார்.

வென்னர் முறையில் நான்கு இரும்பு முளைகளை ஒரே நேர்க்கோட்டில் சம இடைவெளியில் அடிக்கின்றனர். வெளி முளைகள் இரண்டின் வழியாக மின்சாரத்தைச் செலுத்தி, உள் முளைகள் இரண்டுக்குமிடையே உள்ள மின்னழுத்தத்தை அளக்கின்றனர். மின்னழுத்தத்தை மின்சாரத்தின் அளவால் வகுத்து, அதனை முளைகளின் இடைவெளியாலும் 6.28 என்னும் எண்ணாலும் பெருக்கினால் அவ்விடத்தின் மின்தடை எண் கிடைக்கும். உதாரணமாக, இடைவெளி 10 மீட்டர், செலுத்திய மின்சாரம் 100 மில்லி ஆம்பியர், கிடைத்த மின்னழுத்தம் 50 மில்லி வோல்ட் என்று கொள்வோம். அப்பொழுது மின்தடை எண் சுமார் 31 ஓம்-மீட்டர். மின்னழுத்தம் 8 மில்லி வோல்ட் மாத்திரம் இருந்தால் அது சுமார் 5 ஓம்-மீட்டராகும். இடைவெளியை அகலப்படுத்த அகலப்படுத்த, கருவி மேலும் ஆழத்தைப் பார்க்கிறது.

காய்ந்த கெட்டிப் பாறை மின்சாரத்தைக் கடத்துவது அரிது. அதன் எண் பொதுவாக ஆயிரத்துக்கு மேற்படும். நல்ல நீர் தங்கிய உளுத்த பாறையில் அது ஏறக்குறைய 20 முதல் 100 வரை இருக்கும். களிமண்ணில் 5 முதல் 20 வரை காணலாம். கடல் நீரிலோ 0.2 அளவே. ஆகவே, பாறைக்கு நடுவே எண் குறைந்தால் ஈரம் இருக்கிறது என்று கொள்வது ஓரளவு சரியே. ஆனால் எண் அளவு கடந்து குறையுமானால் அதற்குக் காரணம் நீரின் மிகுதியன்று. நீரில் கரைந்துள்ள உப்பின் மிகுதி அல்லது களிமண்ணே காரணமாகும்.

நீர் மின்சாரத்தைக் கடத்துவது அதில் கரைந்த உப்புகளினாலேயே. குப்பை அழுகும்போது வடியும் கசிநீரில் குளோரைடு, அம்மோனியா, சோடியம் முதலியவை மிகுந்திருக்கின்றன. நீரின் மின்தடையை ஓம்-மீட்டரில் அறிய, 10 என்னும் எண்ணை டெசிசைமன்ஸ் அளவால் வகுத்தால் போதும். மேற்கூறிய ரயத்தின் கிணற்று நீர் 4.2 என்றால் அதன் மின்தடை 2.4 ஓம்-மீட்டரே. அத்தகைய நீரில் தோய்ந்த உளுத்த பாறை 6 என்று காட்டியதில் வியப்பில்லை. ஐக்கிய நாடுகளின் உணவு, விவசாய ஸ்தாபனம் வகுத்த அளவின்படி, 0.7-க்குக் குறைந்த மின்கடத்தும் திறனுள்ள நீரைத் தடையின்றிப் பாய்ச்சலாம். 3-க்கு மேற்பட்ட நீரைப் பாய்ச்சினால் கடும் இடர் நேரும்.

இராணிப்பேட்டை கற்பிக்கும் பாடம்

இவ்விஷயத்தின் கடுமையை அறிய நாம் வெகுதூரம் செல்ல வேண்டுவதில்லை. 1989-ஆம் ஆண்டில் பிரிக்கப்படும் வரையில் திருவண்ணாமலையும் இராணிப்பேட்டையும் ஒரே வட ஆற்காடு ஜில்லாவைச் சேர்ந்திருந்தன. இராணிப்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிகல்ஸ் என்னும் தொழிற்சாலை 1976 முதல் 1996 வரை தோல் பதனிடுவதற்கான குரோமிய உப்புகளைத் தயாரித்தது. அங்கு மிஞ்சிய சுமார் 1.5 லட்சம் டன் கழிவு திறந்த வெளியிலேயே குவிக்கப்பட்டது. மழை நீர் அக்குவியலின் வழியே இறங்கி நிலத்தடி நீரைச் சேர்ந்தது.

ஹைதராபாத்திலுள்ள தேசீய பூபௌதிக ஆராய்ச்சி நிலையத்தார் அவ்விடத்தை ஆராய்ந்து, 2011-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். பாறையின் அமைப்பு, பூபௌதிக அளவுகள், கிணற்று நீர்ச் சோதனை ஆகிய மூன்றையும் ஒன்றுசேர்த்து, மாசு எவ்வழியே எவ்வளவு வேகத்தில் நகர்கிறது என்று அவர்கள் கணக்கிட்டனர். நிலத்தடி நீரில் குரோமியம் லிட்டருக்கு 275 மில்லிகிராம் வரை காணப்பட்டது. குடிநீரில் இருக்கலாமென அனுமதிக்கப்பட்ட அளவு 0.05 மில்லிகிராம், அதாவது 5,500 மடங்கு மிகுதி. நீரில் எளிதில் கரையும் வகைக் குரோமியம் புற்றுநோயை விளைவிக்கக்கூடியது.

அவர்கள் கணக்கின்படி அங்கு நிலத்தடி நீர் ஆண்டொன்றுக்குச் சுமார் 10 மீட்டர் மாத்திரமே நகர்கிறது. இதில் ஒரு நன்மையும் ஒரு தீமையும் உண்டு. மாசு மெதுவாக வருவதால், முன்கூட்டியே அறிந்து கொண்டால் தற்காத்துக் கொள்ள அவகாசம் கிடைக்கிறது. ஆனால் ஒரு முறை கெட்ட நீர் தானே விலகிப் போவதற்கும் தலைமுறைகள் ஆகும். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள், குடிநீர்க் கிணற்றிலிருந்து 200 மீட்டர் தள்ளியே குப்பை நிரப்புமிடம் அமைய வேண்டுமென்று கூறின. ஆண்டுக்கு 10 மீட்டர் நகரும் நீருக்கு அத்தூரம் இருபது ஆண்டு வழியேயாகும். பாறை வெடிப்பு நேராக அமைந்துவிட்டால் இன்னும் விரைவாகவே அது வந்து சேரக்கூடும்.

மாசுபட்ட நிலத்தைப் படமெடுத்தல்

இக்காலத்தில் நான்கு முளைகளுக்குப் பதிலாகப் பல முளைகளை ஒரே கோட்டில் அடித்து, ஒரு கம்பிவடத்தால் இணைத்து விடுகின்றனர். கருவி தானாகவே நான்கு நான்காக முளைகளை மாற்றி மாற்றி அளந்து கொள்ளும். கணினி அவ்வளவுகளைக் கொண்டு பூமியைக் கத்தியால் அறுத்துப் பார்த்தது போன்ற ஒரு படத்தை வரைந்து தருகிறது. 5 மீட்டர் இடைவெளியில் 48 முளைகள் அடித்தால் கோட்டின் நீளம் 235 மீட்டர். சுமார் 40 மீட்டர் ஆழம் வரை பார்க்கலாம்.

குப்பைமேட்டின் மேட்டுப்புறத்தில் ஒரு கோடும், தாழ்புறத்தில் தூரம் தூரமாக இரண்டு மூன்று கோடுகளும் போட வேண்டும். மேட்டுப்புறக் கோடு, கெடாத நிலத்தின் இயல்பைக் காட்டும். தாழ்புறக் கோடுகளில் எண் திடீரெனக் குறைந்த பகுதி கசிநீர் போகும் வழியைக் குறிக்கும். அதே கோடுகளை ஓராண்டு கழித்து அதே பருவத்தில் மீண்டும் அளந்தால் அது எவ்வளவு தூரம் முன்னேறியிருக்கிறது என்பதும் விளங்கும். நிலத்தைத் தோண்டாமலே பார்ப்பது இம்முறையின் சிறப்பு. மாறாக, குப்பைமேட்டின் நடுவே துளையிட்டுப் பார்ப்பது மேலேயுள்ள கசிநீரை ஆழத்து வெடிப்புகளுக்கு இறக்கிவிடும் ஆபத்துள்ளது.

ஆய்வின் எல்லைகள்

இம்முறைக்குச் சில குறைகளும் உண்டு. களிமண்ணும் உப்பு நீரும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டும். இரும்புக் குழாய், முள்வேலிக் கம்பி, மின்சாரக் கம்பி முதலியவை அளவைக் குழப்பும். வறண்ட பிளாஸ்டிக்கும் கட்டிட இடிபாடுகளும் நிறைந்த குப்பை உயர்ந்த எண்ணைக் காட்டும். அதனால் அங்கு கேடில்லை என்று கொள்ளலாகாது. அன்றியும் இக்கருவி அறிவது கரைந்த உப்புகளின் மொத்த அளவையே. சிறிதளவான பூச்சி மருந்தையோ, உப்பு மிகாத நீரில் கலந்த சிறிதளவு குரோமியத்தையோ அது காட்டாது. ஆகவே மின்தடைப் படம் சந்தேகத்துக்குரிய இடத்தைச் சுட்டிக்காட்டும்; நீர்ச் சோதனையே தீர்ப்பளிக்கும்.

ரயத்துகள் கவனிக்க வேண்டியவை

1. குப்பைமேடு அல்லது பழைய தொழிற்சாலை அருகே கிணறு தோண்ட எண்ணுவோர், அம்மேட்டின் தாழ்புறத்தைக் கூடியவரை தவிர்க்கவும்.

2. மின்தடை பார்ப்பவரிடம், கெடாத நிலம் என்று தெரிந்த ஓரிடத்திலும் அளந்து ஒப்பிட்டுக் காட்டுமாறு கேட்கவும்.

3. எண் 10-க்குக் கீழே இறங்கினால் மகிழ வேண்டாம். அருகிலுள்ள கிணற்று நீரைப் புட்டியில் எடுத்து மண், நீர்ச் சோதனைச் சாலைக்கு அனுப்பி, முடிவு வந்தபின்னரே துளைக்கும் இயந்திரத்தை அழைக்கவும்.

4. துளைத்த பின் மேற்பகுதியில் உறைக்குழாய் இறக்கி, அதைச் சுற்றிச் சிமெண்டுக் கலவையால் அடைக்கவும். இது மேல்நீர் உட்புகுவதைத் தடுக்கும்.

5. கோடையில் ஒரு முறையும், வடகிழக்குப் பருவமழைக்குப் பின் ஒரு முறையும் கிணற்று நீரைச் சோதிக்கவும். அளவு ஆண்டுதோறும் ஏறி வருமானால், கிராமத்தார் ஒன்று சேர்ந்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தாருக்கும் ஸ்தல ஸ்தாபனத்தாருக்கும் சோதனை முடிவுகளுடன் எழுதவும். தாளில் பதிந்த எண்ணை ஒருவரும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

மேற்கூறிய ரயத்து இன்றும் அக்கடனைச் செலுத்தி வருகிறார். கிணறு தோண்டுமுன் பக்கத்துக் கிணற்று நீரை ஒரு புட்டியில் எடுத்துச் சோதித்திருந்தால் அவருடைய நகை அடகுக் கடைக்குச் சென்றிராது. பௌர்ணமிதோறும் கிரிவலம் வரும் லட்சக்கணக்கான பக்தர்கள் திருவண்ணாமலையில் விட்டுச் செல்லும் குப்பையும் எங்கேனும் ஓரிடத்தில் சேர்ந்தே தீரும். அவ்விடத்தின் தாழ்புறத்தில் யாருடைய கிணறு இருக்கிறது என்பதைக் குப்பை கொட்டத் தொடங்குமுன்னரே அளந்து பார்த்துக் கொள்வது நகரத்தார்க்கும் கிராமத்தார்க்கும் ஒருங்கே கடமையாகும்.