சாசி ஒன்று, பாடி வேறு

பொத்தேரி ரயில் நிலையத்தை ஒட்டி ஓடும் ஜி.எஸ்.டி. சாலையில் எந்த நேரத்திலும் மடிக்கணினிப் பை மாட்டிய முதுகுகளைப் பார்க்கலாம். எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழக மாணவர்கள் பாதி, மென்பொருள் ஊழியர்கள் மீதி. அதே சாலையில் கூடுவாஞ்சேரிப் பக்கமாகச் சற்றுத் தள்ளிப் போனால் வல்லாஞ்சேரியில் எஸ்டான்சியா வளாகம். சோஹோ நிறுவனத்தின் தலைமை அலுவலகம் அங்கேதான் இருக்கிறது. 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, 2009இல் சோஹோ என்று பெயர் மாற்றிக்கொண்ட நிறுவனம் அது. 2023 மே மாதத்தில் ‘உலா’ என்ற பிரவுசரை வெளியிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் இந்தியாவுக்கென ஒரு பிரவுசர் உருவாக்கும் போட்டியை அறிவித்தது. 2025 மார்ச்சில் முடிவு வந்தபோது முதல் பரிசான 1 கோடி ரூபாய் சோஹோவுக்குக் கிடைத்தது.

செய்தி வந்ததும் எதிர்பார்த்த இரண்டு குரல்களும் கேட்டன. ‘நம்ம ஊர் பிரவுசர்’ என்றார்கள் சிலர். ‘உள்ளே இருப்பது கூகுளின் குரோமியம்தானே’ என்றார்கள் வேறு சிலர். உள்ளே இருப்பது குரோமியம்தான், சந்தேகமில்லை. 2008இல் கூகுள் எல்லோரும் எடுத்தாளும்படி திறந்துவிட்ட நிரல் அது. மைக்ரோசாஃப்ட்டின் எட்ஜ் 2020 முதல் அதில்தான் ஓடுகிறது. ஓபரா, பிரேவ், விவால்டி எல்லாமே அப்படித்தான். ஆனால் ஆம்னி பஸ்ஸில் ஏறுகிறவர் அசோக் லேலண்ட் சாசியைப் பார்த்தா ஏறுகிறார்? கரூரில் பாடி கட்டியவர் இருக்கையை எவ்வளவு அகலமாகப் போட்டார், ஜன்னல் எங்கே வைத்தார் என்பதில் அல்லவா பயணத்தின் சுகதுக்கம் இருக்கிறது. எஞ்சின் பெரும்பாலும் ஒன்றாகிவிட்ட காலத்தில் பிரவுசர் செய்கிறவர் தன் புத்தியைக் காட்ட மிஞ்சியிருக்கும் இடம் அதன் முகம்: டேப் வரிசை, முகவரிப் பட்டை, பட்டன்கள், மெனு, எச்சரிக்கைகள். அந்த முகத்தை எப்படி எடை போடுவது என்பதைப் பார்ப்போம்.

முகத்தின் எலும்புக்கூடு பழையது. 1993இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மார்க் ஆண்ட்ரீசனும் எரிக் பினாவும் எழுதிய மொசைக்கிலேயே பின்னே, முன்னே, மறுபடி ஏற்று, முகப்பு ஆகிய பட்டன்கள் இருந்தன. டேப் வரிசை பரவலானது 2004இல் ஃபயர்பாக்ஸ் 1.0 வந்த பிறகு. 2008 செப்டம்பரில் வெளிவந்த குரோம் டேப்களை விண்டோவின் உச்சிக்கே தூக்கிவைத்தது. முகவரிப் பெட்டியையும் தேடல் பெட்டியையும் ஒன்றாக்கியது. அந்தத் திட்டத்தை முன்னின்று நடத்தியவர் சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை. அதற்குப் பிறகு வந்தவையெல்லாம் பெரும்பாலும் ஒப்பனைதான். மூலைகள் வளைந்தன, நிறங்கள் மங்கின; ஃபயர்பாக்ஸ் 2014, 2017, 2021 என மூன்று முறை முகம் மாற்றிக்கொண்டது, ஒவ்வொரு முறையும் பழைய ரசிகர்கள் கோபித்துக்கொண்டார்கள்.

டேப்களை உச்சியில் வைத்தது அழகுக்காக மட்டுமல்ல. 1954இல் பால் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு கணக்கைச் சொன்னார்: ஓர் இலக்கைத் தொட ஆகும் நேரம், அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்ற இரண்டையும் பொறுத்தது. கணினித் திரையில் இதற்கு விசித்திரமான ஒரு விளைவு உண்டு. கர்சர் திரையின் விளிம்பைத் தாண்டாது. ஆகவே விளிம்பை ஒட்டியிருக்கும் பட்டனை நிதானமாகக் குறிபார்க்க வேண்டியதில்லை, மவுஸை ஒரே தள்ளாகத் தள்ளினால் போதும். விண்டோஸில் குரோமை முழுத்திரையாக விரித்துவிட்டு மவுஸை மேலே தள்ளிச் சொடுக்கிப் பாருங்கள், டேப் மாறும். சில பிக்செல் இடைவெளி விட்டு டேப்பை ‘மிதக்க’ வைத்து, அந்த இடைவெளியில் சொடுக்கினால் ஒன்றும் நடக்காதபடி செய்திருந்தால், வடிவமைத்தவர் படத்தைப் பார்த்தாரே தவிர கையைப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

இதே சோதனையை மேக் கணினியில் செய்தால் கதை மாறிவிடும். அங்கே திரையின் மேல் விளிம்பு மெனு பட்டைக்குச் சொந்தம். டேப் எத்தனை உயரத்தில் இருந்தாலும் விளிம்பைத் தொடாது. லினக்ஸில் க்னோம் மேசைத்தளமும் உச்சியில் தன் பட்டையை வைத்துக்கொள்கிறது. விண்டோவை மூடும் பட்டன் விண்டோஸில் வலது மூலை, மேக்கில் இடது மூலை. அதனால் ‘இந்த பிரவுசரின் முகம் நன்றாக இருக்கிறதா’ என்று கேட்பவரிடம் ‘எந்த இயங்குதளத்தில்?’ என்று திருப்பிக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது.

ஷார்ட்கட் சாவிகளில் இது இன்னும் உறைக்கும். விண்டோஸிலும் லினக்ஸிலும் ஒரு டேப்பை மூடும் சாவி கன்ட்ரோலும் டபிள்யூவும். லினக்ஸ் ஃபயர்பாக்ஸில் எச்சரிக்கும் அமைப்பை அணைத்துவைத்திருந்தால், கன்ட்ரோலும் க்யூவும் சேர்ந்ததும் மொத்த பிரவுசரும் மூடிக்கொள்ளும். க்யூவும் டபிள்யூவும் விசைப்பலகையில் பக்கத்துப் பக்கத்து வீடு. விரல் அரை அங்குலம் தவறினால் முப்பது டேப்கள் போயின. விண்டோஸ் ஃபயர்பாக்ஸில் இதற்கு ஷிஃப்டையும் சேர்த்து அழுத்த வேண்டும். மேக்கில் குரோம், மூடுமுன் எச்சரிக்கும் வசதியைத் தருகிறது. சாவியைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தால்தான் மூடும். தவறு நடக்கும் என்று முன்கூட்டியே நினைத்துப் பார்த்த வடிவமைப்பு எது என்பதை இப்படிப்பட்ட இடங்களில்தான் கண்டுபிடிக்கலாம்.

எனக்கு மிகப் பிடித்த நுணுக்கம் ஒன்று உண்டு. குரோமில் நிறைய டேப்களைத் திறந்துவைத்து, ஒரு டேப்பின் பெருக்கல் குறியைச் சொடுக்கி மூடுங்கள். மிச்சமுள்ள டேப்கள் உடனே அகலமாகி இடத்தை நிரப்புவதில்லை. அடுத்த டேப் நகர்ந்து வந்து, அதன் பெருக்கல் குறி சரியாகக் கர்சருக்குக் கீழே நிற்கிறது. கையை அசைக்காமல் நாலைந்து டேப்களை மூடிவிடலாம். கர்சர் அந்த வரிசையை விட்டு விலகிய பிறகே டேப்கள் விரிகின்றன. விளம்பரத்தில் போட முடியாத, பயனர்களில் பெரும்பாலோர் கவனித்தே இராத வேலை. நல்ல முகத்துக்கு இதைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது உயரம். குறைந்த விலை மடிக்கணினிகள் பலவற்றில் திரை 1366க்கு 768 பிக்செல்தான். இதில் விண்டோஸ் 11இன் கீழ்ப்பட்டை 48 பிக்செல் எடுத்துக்கொள்கிறது. டேப் வரிசையும் முகவரிப் பட்டையும் சேர்ந்து ஏறக்குறைய 85. புத்தகக்குறிப் பட்டையையும் திறந்துவைத்தால் இன்னொரு முப்பது சொச்சம். பக்கத்தைப் பார்க்கும் முன்பே உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. விலையுயர்ந்த பெரிய திரையில் உட்கார்ந்து வடிவமைப்பவருக்கு இந்தக் கணக்கு உறைக்காது. விடுதி அறையில் பதினான்கு அங்குலத் திரையில் கட்டுரை படிக்கும் மாணவிக்கு உறைக்கும்.

அகலமான திரையில் உயரம்தான் பஞ்சம், பக்கவாட்டில் இடம் சும்மா கிடக்கிறது. அதனால்தான் டேப்களை இடப்பக்கம் செங்குத்தாக அடுக்கும் யோசனை வந்தது. எட்ஜ் 2021இல் கொடுத்தது, ஃபயர்பாக்ஸ் 2025இல் கொடுத்தது. தமிழில் படிப்பவர்களுக்கு இது தனி லாபம். நம் எழுத்துகள் அகலமானவை. ‘ணை’, ‘ஞ’ போன்றவை எடுக்கும் இடத்தில் ஆங்கில எழுத்து இரண்டு மூன்று உட்கார்ந்துவிடும். பதினைந்து டேப் திறந்திருக்கும்போது மேல் வரிசையில் தமிழ்த் தலைப்பின் முதல் இரண்டு எழுத்துகூட முழுதாகத் தெரிவதில்லை. பக்கவாட்டு அடுக்கில் ஒரு சொல்லாவது தெரியும்.

ஆனால் பக்கத்தில் இடம் இருக்கிறதே என்று எதையாவது திணிப்பது வேறு வியாதி. 2010இல் பெங்களூரின் ஹிடன் ரிஃப்ளெக்ஸ் நிறுவனம் ‘எபிக்’ என்ற இந்திய பிரவுசரை வெளியிட்டது. அடித்தளம் ஃபயர்பாக்ஸின் நிரல். இந்திய மொழிகளில் தட்டச்சு, இந்தியக் காட்சிகள் கொண்ட பின்னணிப் படங்கள், வைரஸ் தடுப்பு, பக்கப் பட்டை நிறையக் குறுஞ்செயலிகள் என்று எல்லாம் இருந்தன. சில ஆண்டுகளில் அதே நிறுவனம் குரோமியத்துக்கு மாறி, அந்தரங்கப் பாதுகாப்பை மட்டும் முன்னிறுத்தும் பிரவுசராக எபிக்கை மறுபடி செய்தது. கொட்டிக் கொடுத்தால் கூட்டம் வரும் என்ற எண்ணம் மென்பொருளில் அடிக்கடி தோற்கிறது. இன்று பல பிரவுசர்கள் செயற்கை நுண்ணறிவு உதவியாளரை அதே பக்கப் பட்டையில் கொண்டுவந்து நிறுத்துவதைப் பார்க்கும்போது பழைய எபிக் நினைவுக்கு வருகிறது.

முகம் அழகாக இருந்தால் மட்டும் போதாது, உண்மை பேச வேண்டும். முகவரிப் பட்டையில் பூட்டுப் படம் இருந்தால் அந்தத் தளம் நம்பகமானது என்று பல ஆண்டுகள் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தோம். பூட்டு சொன்னது அது இல்லை. உங்கள் கணினிக்கும் அந்தத் தளத்துக்கும் இடையே போகும் செய்தியை நடுவில் யாரும் படிக்க முடியாது என்பதை மட்டுமே அது சொன்னது. எதிர்முனையில் இருப்பவர் வங்கியா, வங்கி வேடம் போட்ட திருடனா என்பது அதற்குத் தெரியாது. கூகுள் 2021இல் நடத்திய ஆய்வில் கலந்துகொண்டவர்களில் 11 சதவீதம் பேர்தான் பூட்டின் பொருளைச் சரியாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். 2023 செப்டம்பரில் குரோம் அந்தப் பூட்டை எடுத்துவிட்டு, அமைப்புகளைக் குறிக்கும் ஒரு சாதாரணக் குறியை வைத்தது. தவறான தைரியம் தரும் படத்தைவிட ஒன்றும் சொல்லாத படம் மேல் என்ற முடிவு. சரியான முடிவு என்றே நினைக்கிறேன், தாமதமாக வந்தாலும்.

இனி உலாவுக்கு வருவோம். அதன் முகத்தில் தனித்துத் தெரிவது ‘மோடு’கள். வேலை, சொந்த உபயோகம், சிறுவர், மென்பொருள் உருவாக்குவோர், கட்டுப்பாடு தளர்ந்த திறந்தவெளி என ஐந்து. ஒவ்வொன்றின் தரவும் தனித்தனி. அலுவலகக் கணக்கில் நுழைந்த விவரம் சொந்த மோடுக்குத் தெரியாது. பின்தொடரும் விளம்பர நிறுவனங்களுக்கு ஒரே ஆளின் முழுச் சித்திரம் கிடைப்பது கடினமாகிறது.

மென்பொருள் வடிவமைப்பில் மோடு என்பது நெடுநாள் சண்டைக்குரிய விஷயம். வெட்டி ஒட்டும் வசதியை நமக்குத் தந்தவர்களில் ஒருவரான லாரி டெஸ்லர் வாழ்நாள் முழுதும் மோடுகளை எதிர்த்தார்; தன் காரின் நம்பர் பிளேட்டிலேயே ‘மோடு வேண்டாம்’ என்ற பொருள்பட ஆங்கிலத்தில் எழுதிவைத்திருந்தார். ஒரே சாவி ஒரு நிலையில் ஒன்றையும் இன்னொரு நிலையில் வேறொன்றையும் செய்தால், எந்த நிலையில் இருக்கிறோம் என்பதை மறந்த நொடியில் மனிதன் தவறு செய்வான் என்பது அவர் வாதம். கேப்ஸ் லாக் அழுத்தியிருப்பது தெரியாமல் பாஸ்வேர்டு அடித்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

டெஸ்லரின் அளவுகோலில் உலா தோற்றுவிடுமா? முழுதாக இல்லை என்பது என் கருத்து. கூடத்தில் ஒரே மேசைக் கணினி. அப்பா வருமான வரிக் கணக்கும், அக்கா வேலை விண்ணப்பமும், தம்பி கார்ட்டூனும் அதிலேயே பார்க்கிறார்கள். இந்த வீட்டில் பிரிவினை ஏற்கெனவே இருக்கிறது. பிரவுசர் அதை ஒப்புக்கொள்வதில் நியாயம் உண்டு. ஆனால் விலையும் உண்டு. காலையில் வேலை மோடில் பார்த்த பக்கத்தை இரவில் சொந்த மோடின் வரலாற்றில் தேடினால் கிடைக்காது. தேடுகிறவர் தன் நினைவைத்தான் சந்தேகிப்பார். ஆகவே எந்த பிரவுசரில் மோடு இருந்தாலும் சோதிக்க வேண்டியது இதுதான்: விண்டோவை நான்கடி தள்ளி நின்று பார்த்தாலே எந்த மோடு என்று தெரிகிறதா? மெனுவைத் திறந்தால்தான் தெரியும் என்றால் டெஸ்லர் சொன்னது பலித்துவிடும்.

தமிழருக்கென்று ஒரு சோதனை பாக்கி. தமிழ் விக்கிப்பீடியாவில் பொத்தேரி என்ற சொல் முகவரியிலேயே வரும் ஒரு பக்கத்தைத் திறந்தால், முகவரிப் பட்டையில் தமிழ் அழகாகத் தெரியும். அதை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டுங்கள். பெரும்பாலான பிரவுசர்களில் சதவீதக் குறியும் எண்ணும் ஆங்கில எழுத்துமாக ஒரு ரயில் நீளும். ‘பொத்தேரி’ நமக்கு நான்கு எழுத்து. யூனிகோடில் எட்டுக் குறியீடு. ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட், ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு சேர்த்து மூன்று எழுத்தாக எழுதப்படுகிறது. மொத்தம் 72. தமிழறியாத பழைய மென்பொருள்களில் இணைப்பு உடையக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. ஃபயர்பாக்ஸில் இதை மாற்றும் வழி இருக்கிறது, ஆனால் சாதாரணப் பயனர் எட்டிப்பார்க்காத ஆழமான அமைப்புப் பக்கத்தில். நகலெடுக்கும்போது வலது சொடுக்கு மெனுவில் ‘தமிழிலேயே நகலெடு’ என்று ஒரு வரி வைக்க எஞ்சினில் கை வைக்க வேண்டிய அவசியமே இல்லை. கலிஃபோர்னியாவில் உட்கார்ந்திருப்பவருக்கு இது தோன்றாமல் போகலாம்; வல்லாஞ்சேரியில் தோன்ற வேண்டும்.