லாரி எஞ்சினில் டீசல் கசிவு: ‘ரீகால்’ எதற்காக?

பெட்ரோல்தான் தீப்பிடிக்கும், டீசல் அவ்வளவு சுலபத்தில் பற்றாது என்று லாரி ஓட்டும் நண்பர்கள் பலர் சொல்வதுண்டு. அது பாதி உண்மைதான். தட்டில் ஊற்றிய டீசலில் தீக்குச்சியைப் போட்டால், பெரும்பாலும் குச்சிதான் அணையும். ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினில் நிலைமை வேறு.

இக்காலக் கனரக லாரிகளில் டீசலை மிகுந்த அழுத்தத்தில் உலோகக் குழாய்கள் வழியாக இஞ்செக்டர்களுக்கு அனுப்புகிறார்கள். பல எஞ்சின்களில் அந்த அழுத்தம் 2,000 பார் வரை போகிறது. கார் டயரில் இருப்பது சுமார் 2 பார். அதைப்போல் ஆயிரம் மடங்கு! இந்தக் குழாயில் மயிரிழை அளவு விரிசல் விழுந்தால் டீசல் சொட்டுவதில்லை, புகைபோலச் சீறுகிறது. பாரம் ஏற்றி மேடேறும் லாரியின் டர்போவும் புகைபோக்கிக் குழாயும் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அதன்மேல் அந்தப் புகை பட்டால், தீப்பொறியே இல்லாமல் தீப்பிடிக்கலாம். பிடிக்காவிட்டாலும், சாலையில் வழிந்த டீசலில் பின்னால் வரும் மோட்டார் சைக்கிளோட்டி சறுக்கி விழுவார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எஞ்சின் ஓடும்போது கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள். அந்தச் சீற்றம் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியதுபோல்தான் தெரியும். ஆனால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய காயம் அது.

இத்தகைய கோளாறு தயாரிப்பிலேயே இருந்தால், ஒரு லாரியைப் பழுதுபார்த்துப் பயனில்லை. அதே குழாய் பொருத்திய அத்தனை லாரிகளையும் அழைத்துச் சரிசெய்ய வேண்டும். அதுதான் ‘ரீகால்’. அமெரிக்காவில் 1966ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு வழிவகுத்தது. பாதுகாப்புக் குறை இருப்பதாக முடிவு செய்த நிறுவனம் 5 வேலை நாட்களுக்குள் அரசாங்கத்திடம் தெரிவிக்க வேண்டும். உரிமையாளர்களுக்குக் கடிதம் அனுப்பி, இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும். அங்கே கம்மின்ஸ் போன்ற நிறுவனத்தின் எஞ்சின் பல லாரி நிறுவனங்களின் வண்டிகளில் இருப்பதால், ஒரே எஞ்சின் குறைக்குப் பல பெயர்களில் அறிவிப்பு வருவதுண்டு.

ரீகால் வந்தாலே அந்த நிறுவனம் மட்டம் என்று நினைப்பவர்கள் ஜப்பானில் நடந்ததைக் கவனிக்க வேண்டும். 2000ஆம் ஆண்டில் மிட்சுபிஷி மோட்டார்ஸ், 1977 முதல் வாடிக்கையாளர்களின் புகார்களை மறைத்து வந்ததை ஒப்புக்கொண்டது. பிரேக் கோளாறு, எரிபொருள் கசிவு எல்லாம் அவற்றில் அடக்கம். ரீகால் அறிவிக்காமல், புகார் செய்தவரின் வண்டியை மட்டும் ஓசையில்லாமல் சரிசெய்து கொடுத்தார்கள். அதற்குப் பிறகும் பாடம் முழுமையாகப் படிக்கவில்லை. 2002இல் யோகோஹாமாவில் அந்நிறுவனத்தின் லாரி ஒன்றின் சக்கரம் கழன்று மோதியதில், நடந்து சென்ற இளம் தாய் ஒருவர் இறந்தார். சக்கரம் பொருத்தும் உலோகப் பாகத்தில் குறை இருந்ததை 2004இல்தான் ஒப்புக்கொண்டார்கள்.

நம் ஊரில் ‘ரீகண்டிஷன்’ லாரி வாங்குவோருக்கு ஒரு சிக்கல் உண்டு. நாடு மாறி, கை மாறி வந்த வண்டியைத் தேடி ரீகால் கடிதம் வருவது அரிது. சேஸிஸ் எண், எஞ்சின் எண் இரண்டையும் எடுத்துக்கொண்டு விநியோகிப்பாளரிடம் நீங்களே போய்க் கேளுங்கள். பழைய ரீகால் ஏதும் பாக்கியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும்படி வற்புறுத்துங்கள்.