சங்கத்தின் நான்கு சங்கிலி வாள்கள்

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் விடியுமுன்னர் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல் நம் தென்னை விவசாயிகளை என்ன நிலையில் விட்டுச் சென்றது என்பதை அங்கத்தினர்களுக்கு நாம் எடுத்துச் சொல்லவேண்டுவதில்லை. பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களில் தோப்புக்குள் நுழையவே வழியின்றி மரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாய்க் கிடந்தன. அரசு, மரம் ஒன்றுக்கு 600 ரூபாயும், விழுந்ததை வெட்டி அகற்றுவதற்கென 500 ரூபாயும் நிவாரணம் அறிவித்தது. ஆனால் வெட்டுவதற்கு ஆளும் இல்லை, வாளும் இல்லை. வெளியூரிலிருந்து இயந்திர வாளுடன் வந்தவர்கள் கேட்ட கூலியைக் கொடுக்க முடிந்தவர்களின் தோப்புகள் முதலில் துப்புரவாயின. முடியாதவர்களின் தோப்புகளில் மரங்கள் அடுத்த கோடை வரையில் கிடந்தன.

கிடந்தால் என்ன என்று கேட்கலாம். மட்கிய தென்னந்தண்டு காண்டாமிருக வண்டுக்குப் பிறந்த வீடு. அது அதில் முட்டையிடும். புழு அந்த மட்கையே தின்று கொழுக்கும். வண்டாகிப் பறந்துபோய் நட்டு வைத்த இளங்கன்றின் குருத்தைத் துளைக்கும். கடன் வாங்கிக் கன்று நட்டவர்கள், ஓலை விரிந்தபோது அது கத்தரியால் வெட்டினாற்போல் முக்கோணம் முக்கோணமாய் அறுந்திருக்கக் கண்டார்கள். புயல் ஒரே இரவில் செய்ததை வண்டு மெல்ல மெல்லச் செய்தது. தமது தோப்பைத் துப்புரவு செய்தவரும் தப்பவில்லை; பக்கத்துத் தோப்பின் வண்டுக்கு வேலி ஏது?

ஆகவே சங்கத்துக்கென்று சில சங்கிலி வாள்களை வாங்கி வைப்பது என்ற யோசனை பேரவைக் கூட்டத்துக்கு வந்தது. நெசவாளர் அங்கத்தினர்கள் எதிர்த்தார்கள். தங்கள் பங்குப் பணத்தைக் கொண்டு தென்னை மரம் அறுக்கவேண்டுமா என்று அவர்கள் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. நூல் வாங்கவே முன்பணம் போதாத காலம் அது. விவாதம் மாலை வரை நீண்டது. தறிக்கொட்டகையின்மேல் வேப்பமரம் சாய்ந்து, பாவு நனைந்து, தொடங்கிய சேலையை முடிக்க முடியாமற்போன ஒரு மூத்த நெசவாளர் எழுந்து, "அந்த மரத்தை எடுக்க எனக்குப் பதினோரு நாள் ஆயிற்று. வாள் இருந்திருந்தால் ஒரு காலைப் பொழுது" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தார். தீர்மானம் நிறைவேறியது. என்றாலும் வாடகை வரவு செலவைத் தனிக் கணக்காய் வைக்கவேண்டும் என்று நெசவாளர்கள் போட்ட நிபந்தனை இன்றளவும் நடைமுறையில் உள்ளது. அது நல்ல நிபந்தனை.

இனி, எதை வாங்குவது? இவ்விஷயத்தில் நாம் முதலில் எண்ணியது முழுக்கத் தவறு என்பதை ஒப்புக்கொள்கிறோம். கடைக்குச் சென்றபோது மிகப் பெரிய வாளே கண்ணைக் கவர்ந்தது. பார் நீளமாயிருந்தால் எந்த மரத்தையும் அறுக்கலாம் என்று நினைத்தோம். (சங்கிலி ஓடும் தட்டையான இரும்புப் பட்டையைத்தான் மெக்கானிக்குகள் பார் என்கிறார்கள்.) விலை மலிவான ஒரு வாளில் நீண்ட பார் பொருத்தப்பட்டிருந்தது. அதற்குச் சங்கிலியும் கார்புரேட்டரும் எங்கே கிடைக்கும் என்று கேட்டோம். கடைக்காரரிடம் பதில் இல்லை. எஞ்சினுக்குத் தாங்காத நீளத்தில் பார் இருந்தால் வேகம் குறையும், சங்கிலி சூடேறும், பிடித்திருப்பவன் களைத்துப்போவான். களைத்தவன் கையில் வாள் இருப்பது எவ்வளவு ஆபத்து என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆகவே வாளைப் பார்ப்பதை விட்டுவிட்டு மரத்தைப் பார்த்தோம். நம் தோப்புகளில் விழுந்து கிடக்கும் தென்னையின் தண்டு பெரும்பாலும் ஓர் அடி விட்டத்தை ஒட்டியே இருக்கிறது. அதற்கு 18 அங்குல பாரும் 50 சிசியை ஒட்டிய எஞ்சினும் போதும். இந்த அளவில் இரண்டு வாள்கள், அதுவும் ஒரே கம்பெனியின் ஒரே மாதிரியாக வாங்கினோம். ஒன்று பழுதானால் மற்றதன் உறுப்பைக் கொண்டு வேலையை முடிக்கலாம். ஒரே அரம், ஒரே சங்கிலி, ஒரே பிளக் இரண்டுக்கும் பொருந்தும். சவுக்குக் கழி, கிளை, விறகு ஆகியவற்றுக்கு 35 சிசி அளவில், 14 அங்குல பாருடன் இலகுவான ஒன்று. மூன்று வாள்களில் அதிகமாக வாடகைக்குப் போவது இந்தச் சிறியதே என்பது எமக்கே வியப்பாயிருந்தது. சாலையோரத்துத் தூங்குமூஞ்சி, பழைய புளி போன்றவற்றுக்குப் பெரிய வாள் தேவைதான். ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை வரும் வேலைக்காக அவ்வளவு பணத்தை முடக்க நிர்வாகக் குழு இசையவில்லை; அது சரியே.

நான்காவது, மின்சார வாள். புயல் காலத்தில் இதனால் பயனில்லை. கஜாவுக்குப் பின் பல கிராமங்களில் வாரக்கணக்காக விளக்கே எரியவில்லை. எனினும் சாதாரண நாட்களில், தறிமரம் செப்பனிடவும் கொட்டகைக்குக் கட்டை அறுக்கவும் புகையும் இரைச்சலும் குறைந்த ஒரு வாள் வேண்டும் என்று நெசவாளர்கள் கேட்டார்கள், கேட்டது கிடைத்தது. இதற்குக் கனமான ஒயர் வேண்டும். மெல்லிய ஒயரை நீட்டி இழுத்தால் வழியிலேயே மின்னழுத்தம் குறைந்து மோட்டார் சூடேறும்.

வாளின் உயிர் எஞ்சினில் இல்லை, சங்கிலியில் இருக்கிறது. இன்று எங்கும் பயன்படும் சங்கிலியின் பல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்தில் மரம் வெட்டிப் பிழைத்த ஜோசப் பியுஃபர்ட் காக்ஸ் என்பவர் 1946ஆம் ஆண்டில் ஓர் அடிமரத்தைத் துளைத்துக்கொண்டிருந்த வண்டின் புழுவை உற்றுப் பார்த்தாராம். அது தன் இரு தாடைகளால் வலமும் இடமுமாக மாறி மாறி மரத்தைச் செதுக்கி முன்னேறியது. அதைக் கண்டு இடப்பல், வலப்பல் என மாறி மாறி வரும் சங்கிலியை அவர் அமைத்து, மறு ஆண்டே விற்கத் தொடங்கினார். வண்டினால் கெட்ட நமக்கு அதன் இனத்தாரிடமிருந்தே கருவி வந்திருப்பதை என்னவென்பது!

தென்னந்தண்டு மற்ற மரங்களைப்போல் அன்று. அதன் ஓரம் கடினம், நடுப்பகுதி மிருது. ஓரத்து நாரும், விழுந்த மரத்தில் ஒட்டிய மணலும் பல்லை விரைவில் மழுக்கிவிடும். மாமரத்தில் அரைநாள் தாங்கும் கூர், மணலில் கிடந்த தென்னையில் சில மரங்களுக்குள் போய்விடுகிறது. தூள் சீவல் சீவலாய் விழுந்தால் பல் கூராயிருக்கிறது. மாவாய்ப் பறந்தால் மழுங்கிவிட்டது. இதைவிட எளிய சோதனை இல்லை. ஆகவே ஒவ்வொரு வாளுக்கும் மூன்று சங்கிலிகள் வைத்தோம். அறுக்குமுன் தண்டைத் துடைப்பத்தால் பெருக்குவது என்பதையும் வழக்கமாக்கினோம். முதலில் சிரித்தவர்கள் இப்போது துடைப்பத்தைக் கேட்டு வாங்கிச் செல்கிறார்கள்.

தீட்டுவதற்கு உருண்டை அரம் வேண்டும். சங்கிலியின் அளவுக்கு ஏற்ப அரத்தின் பருமனும் மாறும். எம்முடைய சிறிய வாளுக்கு 4 மில்லிமீட்டர், நடுத்தர வாள்களுக்கு 4.8 மில்லிமீட்டர். இதை மாற்றிப் போட்டால் பல்லின் வடிவமே கெடும். பெரும்பாலான சங்கிலிகளில் பல்லின்மேல் 30 பாகைச் சாய்வு வரவேண்டும். எல்லாப் பற்களும் ஒரே நீளமாயிருக்கவேண்டும். ஒரு பக்கத்துப் பல் குட்டையானால் வாள் நேராய்ப் போகாமல் வளைந்து அறுக்கும். இந்த வேலையைத் தோப்பு வேலைக்காரர்கள் யாரும் செவ்வனே செய்யவில்லை. இறுதியில் அதைக் கற்றுத் தேர்ந்தவர் ஒரு நெசவாளர் அம்மையார். அச்சுப் பல்லில் இழை இழையாய்க் கோத்துப் பழகிய கண்ணுக்கு, அறுபது எழுபது கண்ணிகளில் எது குட்டை என்று காண்பது பெரிய காரியமாய் இல்லை. சங்கிலி ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி பெற்று, மழைக்காலத்தில் தறி ஓடாத நாட்களில் இதைச் செய்கிறார்.

எரிபொருளைப் பற்றிச் சற்றே விரிவாகச் சொல்லவேண்டும். எமக்கு நஷ்டம் வந்தது இதில்தான். இவை டூ ஸ்ட்ரோக் எஞ்சின்கள். பெட்ரோலிலேயே எண்ணெய் கலந்து ஊற்றவேண்டும். கம்பெனி சொல்லும் நல்ல எண்ணெயானால் லிட்டருக்கு 20 மில்லி, அதாவது ஐம்பதுக்கு ஒன்று. கண்ணளவில் ஊற்றக் கூடாது. கலக்காத பெட்ரோலை ஒருவர் அவசரத்தில் ஊற்றியதால் எமது வாள் ஒன்றின் பிஸ்டன் உராய்ந்து இறுகிவிட்டது. பழுது பார்த்த செலவு ஒரு பருவத்து வாடகையை விழுங்கியது. அன்றுமுதல் கலந்த பெட்ரோல் சிவப்பு டப்பாவில் மட்டுமே இருக்கும், கலப்பவர் கையெழுத்திடவேண்டும். இப்போது பெட்ரோலில் 20 சதவிகிதம் எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். ரப்பர்க் குழாயையும் கார்புரேட்டரின் சவ்வையும் கெடுக்கும். ஆகவே வேலை முடிந்ததும் டாங்கியைக் காலி செய்து, நிற்கும் வரையில் எஞ்சினை ஓட்டிவிடுகிறோம். சங்கிலிக்குத் தனி எண்ணெய் தனி டாங்கியில். லாரியின் கழிவெண்ணெயை ஊற்றினால் என்ன என்று கேட்பவர் பலர். அதில் கலந்திருக்கும் இரும்புத் துகள் எண்ணெய்ப் பம்பையும் பாரையும் தின்றுவிடும்.

நெசவாளர் அங்கத்தினர்களுக்கென்றே இனி ஒன்றைக் கூறுகிறோம். வாள் பிடிப்பவர் அணியவேண்டிய காலுறுப்புக் காப்பு ஒரு நெசவுச் சாதனம் என்று தெரிந்தபோது நாம் அசந்துபோனோம். வெளித்துணிக்குள் நீண்ட செயற்கை இழைகள் பல அடுக்குகளாய்த் தளர்வாக வைக்கப்பட்டிருக்கின்றன. சங்கிலி துணியைக் கிழித்துப் பாய்ந்ததும் இழைகள் கூட்டமாய் இழுபட்டுச் சென்று பற்சக்கரத்தில் சுற்றிக்கொள்ள, சங்கிலி அந்த இடத்திலேயே நின்றுவிடும். உறுதியால் தடுப்பதன்று, சிக்கினால் தடுப்பது. சர்வதேசத் தரத்தில் முதல் வகுப்புக் காப்பு, விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஓடும் சங்கிலியில் சோதிக்கப்படுகிறது. கிழிந்த காப்பை ஊடுருவித் தைக்கக் கூடாது. தையல் இழைகளை ஓரிடத்தில் கட்டிவிடும், கட்டுண்ட இழை ஓடிவந்து சிக்காது. நல்லெண்ணத்தோடு தைத்துக் கொடுத்த ஒரு காப்பை நாம் ஒதுக்கிவைக்க நேர்ந்தது. இதன் மறுபக்கம், வேட்டி முனையும் தோள்துண்டும். அதே சங்கிலி அவற்றைப் பற்றினால் துணியோடு ஆளையும் இழுக்கும். 2018இல் வெறுங்காலும் மடித்துக் கட்டிய கைலியுமாய் வாள் பிடித்தவர்களைப் பார்த்து நாம் பேசாமல் நின்றிருந்தோம். இன்று நினைத்தால் நடுக்கமாயிருக்கிறது. காப்பு, கண்வலையுள்ள தலைக்கவசம், காதடைப்பு, மூடிய பூட்ஸ் ஆகியவை வாளோடு ஒரே பெட்டியில் உள்ளன. பெட்டி முழுதாய்த்தான் போகும். வாள் தனியே போகாது.

ஆளும் அப்படியே. வாளைக் கொடுத்து அனுப்புவதில்லை, பயிற்சி பெற்ற இருவரோடு அனுப்புகிறோம். பாரின் மூக்கின் மேற்புறம் எதிலும் பட்டுவிட்டால் வாள் கணநேரத்தில் முகத்தை நோக்கி எகிறும். முன்கைக்கு எதிரே உள்ள பிரேக் அதற்காகவே. காலையில் முதல் வேலை அதைச் சோதிப்பது, அடுத்தது எஞ்சின் மெதுவாய் ஓடும்போது சங்கிலி அசையாமல் நிற்கிறதா என்று பார்ப்பது. புயலில் சாய்ந்த மரம் சும்மா கிடப்பதுபோல் தோன்றும். உண்மையில் அது வளைத்துக் கட்டிய வில். அமுங்கிய பக்கத்தில் முதலில் சிறிது வெட்டி, இழுபட்ட பக்கத்தைப் பின்னர் வெட்டவேண்டும். மாற்றிச் செய்தால் பார் இறுகும் அல்லது தண்டு பிளந்து அடிக்கும். வேரோடு பெயர்ந்த மரத்தின் வேர்முண்டு, தண்டை அறுத்ததும் திரும்பக் குழிக்குள் விழக்கூடும். குழியருகே குழந்தைகள் நிற்பதை அனுமதிக்கவே கூடாது.

பனைக்கு மட்டும் வாள் தருவதில்லை. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது. அனுமதிக் கடிதம் கொண்டு வந்தால் பார்க்கலாம். இதனால் மனத்தாங்கல் கொண்ட அங்கத்தினர் சிலர் உண்டு. அவர்களோடு வாதாடி நாம் தோற்றதும் உண்டு, ஆனால் வாளைக் கொடுத்ததில்லை.

கணக்கைக் கேட்பவர்களுக்கு: நான்கு வாள்களும் இன்னும் போட்ட பணத்தை முழுதும் திருப்பவில்லை. பிஸ்டன் செலவு இல்லாதிருந்தால் ஏறக்குறைய ஈடாகியிருக்கும். விழுந்த தண்டுகள் அறுபட்டு, பிளந்து உலர்ந்து, விறகாகவும் வேலிக்காலாகவும் போய்விட்ட தோப்புகளில் குருத்து வெட்டு குறைந்திருப்பதாக அங்கத்தினர்கள் சொல்கிறார்கள்; அதற்குப் பேரேட்டில் பத்தி இல்லை.

ஆண்டுதோறும் புரட்டாசி முதல் வாரத்தில், வடகிழக்குப் பருவமழைக்கு முன், நான்கையும் வெளியே எடுத்து ஓட்டிப் பார்க்கிறோம். காற்றுவடிகட்டியில் தென்னந்தூள் அடைந்திருக்கும்; தட்டிக் கழுவி உலர்த்தவேண்டும். பாரைத் திருப்பிப் போட்டு, பள்ளத்தைச் சுரண்டி, சங்கிலியைக் கையால் இழுத்தால் ஓடும் அளவுக்கு இறுக்கி வைக்கிறோம். அந்த நாளில் பயிற்சியும் உண்டு. வாள் பிடிக்க விரும்பும் அங்கத்தினர்கள், விவசாயியோ நெசவாளரோ, பெயரைச் சங்க அலுவலகத்தில் முன்னதாக எழுதிக் கொடுக்கலாம். அரம் பிடிக்க விரும்புவோர் தேவை இன்னும் அதிகம். இப்போது ஒருவர்தான் இருக்கிறார்.