நேர்முகத் தேர்வு அறையில் பிள்ளைக்கு உள்ள உரிமைகள்

பிரிட்டனில் மருத்துவம் படிக்க விரும்பும் பிள்ளை இருக்கிற வீட்டில் அக்டோபர் 15 என்றால் எல்லோருக்கும் தெரியும். பல்கலைக்கழகச் சேர்க்கை அமைப்பான யூகாஸ் வழியாக விண்ணப்பம் போய்ச் சேரவேண்டிய கடைசி நாள் அது. மருத்துவத்துக்கு நான்கு பல்கலைக்கழகங்களை மட்டுமே தெரிவு செய்யலாம். ஐந்தாவது இடம் இருந்தாலும் அதில் வேறு படிப்பைத்தான் போடவேண்டும். பிறகு காத்திருப்பு. நேர்முகத் தேர்வுகள் பெரும்பாலும் குளிர்காலம் முழுக்க, மார்ச் வரை நடக்கும்.

அழைப்பு வந்த வீட்டில் பயிற்சிக்குக் குறைவிருக்காது. யூடியூப் காணொளிகள், கட்டண வகுப்புகள், சித்தப்பாவின் டாக்டர் நண்பருடன் ஒரு மாதிரி நேர்காணல் என்று நாட்கள் ஓடும். ஆனால் அந்த அறையில் பிள்ளைக்கு என்ன உரிமை இருக்கிறது, தவறு நடந்தால் யாரிடம் எத்தனை நாளுக்குள் சொல்லவேண்டும் என்று பேசும் வீடுகள் மிகக் குறைவு. பேச்சு எடுத்தாலும், “வாயைத் திறந்தால் அடுத்த வருஷமும் எடுக்கமாட்டாங்கள், விடு” என்று முடித்துவிடுகிறோம். இந்தப் பயத்துக்குச் சட்டமே நேரடியாகப் பதில் சொல்லியிருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் நம் பிள்ளைகளை அந்த அறைக்கு அனுப்பக்கூடாது.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

ஆக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் இரண்டும் பழைய முறையைத்தான் பின்பற்றுகின்றன. ஆசிரியர்கள் ஒரு அறிவியல் சிக்கலைக் கொடுத்து, மாணவர் எப்படி யோசிக்கிறார் என்று உன்னிப்பாகப் பார்ப்பார்கள். மற்றப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை எம்.எம்.ஐ. எனப்படும் பல குறு நேர்காணல் முறைக்கு மாறிவிட்டன. கனடாவின் ஹாமில்டன் நகரிலுள்ள மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் உருவான முறை இது. அங்குள்ள ஆய்வாளர்கள் 2004-இல் இதைப் பற்றி எழுதிய கட்டுரைக்குப் பிறகு உலகம் முழுக்கப் பரவியது. ஒரே குழுவின் முன் முப்பது நிமிடம் உட்கார்ந்தால், முதல் இரண்டு நிமிடத்தில் விழுந்த அபிப்பிராயமே கடைசிவரை மதிப்பெண்ணை இழுத்துக்கொண்டு போகும். அதற்குப் பதில் வரிசையாகப் பல ஸ்டேஷன்கள். ஒவ்வொன்றிலும் வேறொரு தேர்வாளர், வேறொரு பணி, தனி மதிப்பெண். வாசலில் ஒட்டியிருக்கும் குறிப்பைப் படிக்க ஓரிரு நிமிடம் தருவார்கள். மணி அடித்ததும் உள்ளே போய் ஐந்து முதல் எட்டு நிமிடம் வரை பேசவேண்டும். மறுபடி மணி அடித்தால் அடுத்த கதவு.

ஒரு ஸ்டேஷனில் நடிகர் ஒருவர் அழுதுகொண்டிருப்பார். அவரிடம் கெட்ட செய்தியைச் சொல்லவேண்டும். இன்னொன்றில் ஒரு வரைபடத்தைப் பார்த்து மருந்தின் அளவைக் கணக்கிடவேண்டும். வேறொன்றில், குடிப்பழக்கத்தால் கல்லீரல் கெட்டவருக்கு மாற்றுக் கல்லீரல் கொடுக்கலாமா என்று கேட்பார்கள். தேர்வாளர்களில் டாக்டர்கள் மட்டுமல்ல, தாதியரும் மூத்த மாணவர்களும், சில இடங்களில் நோயாளிகளின் சார்பில் பொதுமக்களும் இருப்பார்கள். சிலர் முகத்தில் எந்த உணர்ச்சியையும் காட்டாமல், தலையைக்கூட அசைக்காமல் கேட்டுக்கொண்டிருப்பார்கள். எல்லோரையும் ஒரேமாதிரி நடத்தவேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லியிருப்பதே அதற்குக் காரணம். இது தெரியாத பிள்ளை, “என்னை அவருக்குப் பிடிக்கவில்லை” என்று அடுத்த ஸ்டேஷனுக்குள் உடைந்து போகிறது. ஒன்றில் சறுக்கினாலும் அடுத்த தேர்வாளருக்கு அது தெரியாது. இந்த முறையின் பெரிய நன்மை இதுதான். பிள்ளைக்கு இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

நம் வீடுகளில் இன்னொரு தவறான எண்ணமும் இருக்கிறது. மருத்துவமனையில் ஒரு கன்சல்டன்ட்டின் பின்னால் ஒரு வாரம் நடந்தால்தான் அனுபவம் என்று நினைத்து, அதற்காகத் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும் கேட்டு அலைகிறோம். மருத்துவக் கல்லூரிகளின் பொது அமைப்பான மெடிக்கல் ஸ்கூல்ஸ் கவுன்சில் அப்படி வற்புறுத்துவதில்லை. முதியோர் இல்லத்தில் உதவி செய்தது, வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொண்டது எல்லாமே கணக்கில் வரும். அம்மம்மாவைக் கூட்டிக்கொண்டு ஜி.பி.யிடம் போய் மொழிபெயர்த்த பிள்ளை, நோயாளிக்கும் டாக்டருக்கும் இடையில் என்னென்ன தொலைந்துபோகிறது என்று கண்ணால் பார்த்திருக்கிறது. அம்மம்மா சொல்லக் கூச்சப்பட்டதை அந்தப் பிள்ளை எப்படிக் கையாண்டது? அந்த வேலையைப் பேரப்பிள்ளையிடம் விட்டது சரியா? இந்த இரண்டு கேள்விகளைப் பற்றி நேர்மையாகப் பேசினால் அது மனப்பாடம் செய்த மருத்துவ அறத்தின் நாலு கோட்பாடுகளைவிடக் கனமான பதில். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குக் கற்பித்ததும் அப்படித்தான். இதையெல்லாம் “வீட்டு விஷயம்” என்று ஒளிக்கச் சொல்லாதீர்கள்.

இனி உரிமைக்கு வருவோம். நம்மவர் நிறைய வாழும் தென் லண்டனின் டூட்டிங்கிலேயே இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

அங்குள்ள செயின்ட் ஜார்ஜ் மருத்துவக் கல்லூரி, 1980-களின் முற்பகுதியில், யாரை நேர்முகத் தேர்வுக்கு அழைப்பது என்று வடிகட்ட ஒரு கணினி நிரலைப் பயன்படுத்தியது. முன்பு மனிதர்கள் எப்படித் தேர்ந்தெடுத்தார்களோ அதே முடிவுகளைத் தரும்படி அது அமைக்கப்பட்டிருந்தது. விண்ணப்பப் படிவத்தில் இனம் பற்றிக் கேள்வியே கிடையாது. ஆனாலும் குடும்பப் பெயரையும் பிறந்த இடத்தையும் வைத்து, ஐரோப்பியர் அல்லாதவர் என்று தெரிந்தவர்களுக்கு நிரல் மதிப்பைக் குறைத்தது. பெண்களுக்கும் குறைத்தது. அதே கல்லூரியில் பணியாற்றிய இரண்டு மருத்துவர்கள், ஜோ கொலியரும் ஆக்ரி பர்க்கும், லண்டன் மருத்துவக் கல்லூரிகளின் தேர்வில் உள்ள பாகுபாடு பற்றி 1986-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். விஷயம் இனச் சமத்துவ ஆணையத்துக்குப் போனது. ஆண்டுக்குச் சுமார் 60 பேர் வரை பாலினத்தாலோ இனத்தாலோ அழைப்பை இழந்திருக்கலாம் என்று ஆணையத்தின் 1988 அறிக்கை சொன்னது.

இதில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது ஒன்று உண்டு. நிராகரிக்கப்பட்டவர்களுக்குத் தங்களுக்கு என்ன நடந்தது என்று தெரியவே தெரியாது. புள்ளி போதவில்லை என்று நினைத்திருப்பார்கள். வீட்டில் ஏச்சும் வாங்கியிருப்பார்கள். தவறு வெளியே வந்தது, உள்ளே இருந்த இருவர் கணக்கெடுத்து எழுதியதால். ஆகவே நியாயமான தேர்வு என்பது தேர்வாளரின் நல்ல மனதை மட்டும் நம்பியிருக்க முடியாது. எழுத்தில் பதிவு இருக்கவேண்டும், அதைக் கேட்டு வாங்கும் உரிமையும் நமக்கு இருக்கவேண்டும்.

இன்று அந்த உரிமை இருக்கிறது. 2010-ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தின் 91-ஆம் பிரிவு, யாருக்கு இடம் கொடுப்பது என்று முடிவு செய்யும் ஏற்பாடுகளில் பாகுபாடு காட்டக்கூடாது என்று பல்கலைக்கழகங்களைக் கட்டுப்படுத்துகிறது. ஏற்பாடுகள் என்றால் அழைப்பு அனுப்புவதிலிருந்து மதிப்பெண் போடும் தாள் வரை எல்லாம். இனம், மதம், பாலினம், உடற்குறை, வயது, கர்ப்பம், பாலீர்ப்பு போன்ற காரணங்களால் ஒருவரை மற்றவரைவிடக் கீழாக நடத்த முடியாது. கருக்கலைப்பு கேட்டு வரும் நோயாளியை எப்படி நடத்துவீர்கள் என்று எல்லோரிடமும் கேட்பது நியாயமான கேள்வி. பொட்டு வைத்த பெண்ணிடம் மட்டும், “உங்கள் வீட்டில் சீக்கிரம் கல்யாணம் செய்து வைத்துவிடுவார்களே, படிப்பை முடிப்பீர்களா?” என்று கேட்டால் அது வேறு. அப்படி ஒன்று நடந்தால் அறையை விட்டு வந்த உடனே, கேட்ட வார்த்தைகளை அப்படியே, நேரத்துடனும் ஸ்டேஷன் எண்ணுடனும் எழுதிவைக்கவேண்டும். பின்னால் அதுதான் சாட்சி.

உடற்குறை பற்றி நாம் வெளியே பேசத் தயங்குகிறோம். டிஸ்லெக்சியா, காது கேளாமை, வலிப்பு, மனநோய் என்று எதையாவது சொன்னால் “டாக்டராக விடமாட்டார்கள்” என்ற பயம். சட்டத்தின் 20-ஆம் பிரிவின்படி நியாயமான வசதி செய்து தருவது பல்கலைக்கழகத்தின் கடமை. வாசலில் உள்ள குறிப்பைப் படிக்கக் கூடுதல் நேரம், பெரிய எழுத்தில் அச்சிட்ட தாள், சைகைமொழி பெயர்ப்பாளர், நடுவில் ஓய்வு ஆகியவற்றைக் கேட்கலாம். டாக்டராவதற்குத் தேவையான திறமையின் அளவுகோலைக் குறைக்கும்படி கேட்கமுடியாது. அந்தத் திறமையைக் காட்டும் விதத்தில் வசதி கேட்கலாம். உடற்குறையுள்ள மாணவர்களை மருத்துவக் கல்வியில் வரவேற்கவேண்டும் என்று மருத்துவர்களைப் பதிவு செய்யும் ஜி.எம்.சி.யே 2019-இல் வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. அழைப்பு வந்த வாரத்திலேயே எழுத்தில் கேளுங்கள். மருத்துவச் சேர்க்கைக்கு எழுதும் யூகேட் தேர்வுக்கும் இந்த வசதி உண்டு. அதற்குத் தனியாக, முன்கூட்டியே விண்ணப்பிக்கவேண்டும்.

பெயர் விஷயத்தையும் கவனியுங்கள். தந்தை பெயர் முன்னால், தன் பெயர் பின்னால், பாஸ்போர்ட்டில் ஒருவிதம், பள்ளியில் இன்னொருவிதம் என்று நம் பிள்ளைகளின் பெயர்கள் சிதறிக் கிடக்கும். தேர்வு நாளில் அடையாள அட்டையோடு பெயர் ஒத்துப்போகாவிட்டால் பதற்றத்திலேயே பாதித் தெம்பு போய்விடும். யூகாஸ், யூகேட் இரண்டிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பதியுங்கள்.

கொரோனாவுக்குப் பிறகு பல நேர்முகத் தேர்வுகள் இணையவழிக்குப் போயின, சில இன்னும் அங்கேயே இருக்கின்றன. இணைப்பு அறுந்தாலோ, குரல் கேட்காவிட்டாலோ, அந்த நிமிடமே தேர்வாளரிடம் சொல்லவேண்டும். அன்றே மின்னஞ்சலும் அனுப்பவேண்டும். முடிவு வந்தபிறகு சொன்னால் அது சாக்காகத்தான் பார்க்கப்படும்.

பணம் பிடுங்கும் இடங்கள் தனி. நேர்முகத் தேர்வுப் பயிற்சிக்கு நூற்றுக்கணக்கான பவுண் வாங்கும் நிறுவனங்கள் உண்டு. எல்லாம் மோசடி என்று நான் சொல்லவில்லை. ஆனால் “இந்த ஆண்டுக் கேள்விகள் எங்களிடம் இருக்கின்றன” என்று யாராவது சொன்னால் விலகுங்கள். கேள்விகளை வெளியே சொல்லமாட்டோம் என்று விண்ணப்பதாரர்களிடம் பல்கலைக்கழகங்கள் உறுதி வாங்குகின்றன. அந்த உறுதியை மீறிப் பெற்ற கேள்வியோடு பிடிபட்டால் நட்டம் உங்கள் பிள்ளைக்குத்தான். இடம் வாங்கித் தருவதாகச் சொல்லும் முகவருக்கு ஒரு பென்னிகூடக் கொடுக்காதீர்கள். அப்படி விற்பனைக்கு இடம் எதுவும் இல்லை. யூகேட் நடத்துபவர்களின் தளத்திலேயே பயிற்சித் தாள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. குறைந்த வருமானக் குடும்பங்களுக்குத் தேர்வுக் கட்டண உதவியும் உண்டு.

நிராகரிப்பு வந்துவிட்டால்?

முதலில் பின்னூட்டம் கேளுங்கள். சில பல்கலைக்கழகங்கள் ஸ்டேஷன் வாரியாக மதிப்பெண் தருகின்றன, சில எதுவும் தருவதில்லை. தராவிட்டாலும் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, தன்னைப் பற்றி அவர்கள் வைத்திருக்கும் தகவல்களை, தேர்வாளர் எழுதிய குறிப்புகள் உட்பட, பிள்ளை கேட்டுப் பெறலாம். கட்டணம் இல்லை. பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் தரவேண்டும். தராவிட்டால் தகவல் ஆணையரிடம் முறையிடலாம். பெரும்பாலான இடங்களில் இந்தத் தாள்களைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு அழித்துவிடுவார்கள் என்பதால் தள்ளிப்போடாதீர்கள். பிள்ளைக்குப் பதினெட்டு வயது ஆகிவிட்டால் கடிதம் பிள்ளையின் பெயரில்தான் போகவேண்டும். அப்பா தொலைபேசியில் சத்தம் போடுவதால் எதுவும் நகராது.

அடுத்தது பல்கலைக்கழகத்தின் சேர்க்கைப் புகார் முறை. “எனக்கு இன்னும் நல்ல மதிப்பெண் கொடுத்திருக்கவேண்டும்” என்ற புகாரை ஏற்கமாட்டார்கள். கேட்ட வசதியைத் தரவில்லை, மணி முன்கூட்டியே அடித்தது, பாகுபாடாக நடத்தினார்கள் என்பன போன்ற நடைமுறைத் தவறுகளை ஏற்பார்கள். பலர் இதற்கு மேல் ஓ.ஐ.ஏ. என்ற மாணவர் குறைதீர் அமைப்புக்குப் போகலாம் என்று நினைத்து மாதங்களை வீணாக்குகிறார்கள். அது பல்கலைக்கழகங்களில் படிப்பவர்களுக்கான அமைப்பு, சேர்க்கைப் புகார்களை எடுப்பதில்லை.

பாகுபாடு என்று தோன்றினால் சமத்துவ ஆலோசனை, ஆதரவுச் சேவையின் உதவித் தொலைபேசியை அழையுங்கள். சிட்டிசன்ஸ் அட்வைஸ் அலுவலகத்திலும் கேட்கலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும், வருமான வரம்புக்கு உட்பட்டவர்களுக்குப் பாகுபாட்டு வழக்குகளில் அரசின் சட்ட உதவி கிடைக்கக்கூடும். வட அயர்லாந்தில் இந்தச் சமத்துவச் சட்டம் இல்லை, அங்கே வேறு சட்டங்கள்.

வாயைத் திறந்தால் அடுத்த வருஷமும் கிடைக்காது என்ற அந்தப் பயத்துக்கான பதில் சமத்துவச் சட்டத்தின் 27-ஆம் பிரிவில் இருக்கிறது. பாகுபாடு நடந்தது என்று நல்லெண்ணத்தோடு புகார் செய்ததற்காக ஒருவரைப் பின்னர் பழிவாங்குவதும் தனியாக ஒரு சட்டமீறல். புகார் நிரூபிக்கப்படாமல் போனாலும் இந்தப் பாதுகாப்பு உண்டு. தெரிந்தே பொய் சொன்னவருக்கு மட்டும் கிடையாது.

நீதிமன்றம்வரை போகவேண்டி வந்தால் காலக்கெடு ஆறு மாதத்துக்கு ஒரு நாள் குறைவு. இங்கிலாந்து, வேல்ஸில் கவுன்டி நீதிமன்றம், ஸ்காட்லாந்தில் ஷெரிஃப் நீதிமன்றம். பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்த புகார் நடந்துகொண்டிருக்கிறது என்பதற்காக இந்தக் கெடு நின்று காத்திருக்காது. நேர்முகத் தேர்வு பெப்ரவரி 10 அன்று நடந்தது, தவறும் அன்றே நடந்தது என்றால், ஆகஸ்ட் 9-க்குள் வழக்குத் தாக்கல் செய்யவேண்டும். ஏ லெவல் முடிவுகள் ஆகஸ்ட் நடுப்பகுதியில்தான் வரும். “முதலில் ரிசல்ட் வரட்டும், பிறகு பார்ப்போம்” என்று காத்திருந்த குடும்பத்துக்கு, ரிசல்ட் வரும் நாளில் அந்தக் கெடு முடிந்துபோயிருக்கும்.