பழுதுறும் வன்தட்டும் கோப்புகளின் மீட்பும்

வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர் பலரின் குடும்ப நிழற்படங்களும் பத்திர நகல்களும் இன்று கணிப்பொறியின் வன்தட்டில் உறைகின்றன. அதனுள், நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழலும் தட்டின்மேல், தூசியினும் நுண்ணிய இடைவெளியில் படிப்புமுனை மிதக்கிறது. 'டக், டக்' என்னும் ஒலி இடைவிடாது எழுமாயின், உடனே மின்சாரத்தை நிறுத்துதல் வேண்டும். பெட்டியைத் திறத்தலாகாது, உட்புகும் தூசியே தட்டைக் கீறிவிடும். அந்நிலையில் தூசியற்ற அறையுடைய மீட்பு நிலையமே தஞ்சம்.

ஒலியின்றிக் கோப்புகள் மட்டும் திறக்கத் தாமதித்தால், பழுதுநீக்கும் நிரல்களை அதன்மேல் ஓட்டாது, 'டிடிரெஸ்கியூ' என்னும் இலவச நிரலால் முழுத்தட்டையும் வேறொன்றிற்குப் படியெடுக்கலாம். அது நலமுள்ள பகுதிகளை முதலில் எடுத்து, பழுதுற்றவற்றைப் பின்னரே முயல்கிறது. கோப்புகளை அப்படியிலேயே தேடுவோமாக.

மீட்பினும் காப்பே எளிது: ஒரு படி நம்மிடமும், மற்றொன்று ஊரிலுள்ள உடன்பிறந்தாரிடமும் இருக்கட்டும்.