இன்சுலின் பிரசங்கம்

வேதமும் வாக்கும் – 7

சென்ற வாரம் போதகர் ஜெர்ரி ஃபால்வெல்லோடு நிறுத்தினோம். 1979இல் அவர் ‘மாரல் மெஜாரிட்டி’ என்ற கிறிஸ்தவ அமைப்பைத் தொடங்கிய பிறகு, அமெரிக்கத் தேர்தலில் பைபிள் என்றாலே குடியரசுக் கட்சியின் சொத்து என்றாகிவிட்டது. ஆனால், அதே பைபிளைக் கையில் எடுத்துப் பெரும்பணக்காரர்களோடு மோதியவர்களும் உண்டு. அவர்களில் மூத்தவர் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரயன்.

1896 ஜூலையில், சிகாகோவில் கூடிய ஜனநாயகக் கட்சி மாநாட்டில் அவர் பேசியபோது வயது 36. நாணயம் தங்கத்தோடு கட்டப்பட்டிருந்த காலம். விளைபொருள்களின் விலை சரிந்துகொண்டே போக, விவசாயிகளின் கடன்சுமை கூடிக்கொண்டே போனது. அந்த வேதனையை முள்முடியோடும் சிலுவையோடும் இணைத்துப் பேசினார் பிரயன். மறுநாளே அதிபர் வேட்பாளர் ஆனார். மூன்று முறை நின்றார். மூன்று முறையும் தோற்றார். 1925இல், பரிணாமக் கொள்கையைக் கற்பித்த பள்ளி ஆசிரியர் மீதான டென்னசி வழக்கில் அரசுத் தரப்பில் வாதாடினார். பழமைவாதி என்ற முத்திரை அதோடு நிலைத்தது. விவசாயிக்காக அவர் செய்த பிரசங்கம் பின்னுக்குப் போனது.

கறுப்பினத் திருச்சபைகளில் அந்தப் பிரசங்கம் ஒருநாளும் நிற்கவில்லை. அட்லாண்டாவின் எபனேசர் பாப்டிஸ்ட் சபை, மார்ட்டின் லூதர் கிங் தன் தந்தையோடு சேர்ந்து போதகராக இருந்த இடம். 2005 முதல் அங்கே தலைமைப் போதகர் ரஃபேல் வார்னாக். சவானா நகரின் அரசுக் குடியிருப்பில் 12 பிள்ளைகளில் 11ஆவதாக வளர்ந்தவர். அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் பிரசங்கி. மற்ற நாள்களில் பழைய கார்களைச் சேர்த்துக் காயலான் கடைக்குப் போட்டு வந்தவர். ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை விரிவுபடுத்தச் சொல்லி ஜார்ஜியா சட்டமன்றத்தில் மறியல் செய்து, 2014இல் கைதானார் வார்னாக். 2021 ஜனவரியில் நடந்த இரண்டாம் சுற்றுத் தேர்தலில் வென்று, அந்த மாநிலத்தின் முதல் கறுப்பின செனட்டர் ஆனார்.

செனட்டில் அவர் கையில் எடுத்தது இன்சுலின் விலை. 2022இல் வந்த சட்டம், மூத்த குடிமக்களுக்கான மெடிகேர் காப்பீட்டில் இருப்பவர்கள் இன்சுலினுக்கு மாதம் 35 டாலருக்கு மேல் தர வேண்டியதில்லை என்றாக்கியது. தனியார் காப்பீட்டுக்கும் அதே உச்சவரம்பு வேண்டும் என்றார்கள் ஜனநாயகக் கட்சியினர். 60 வாக்குகள் தேவைப்பட்டன, 57 கிடைத்தன, அந்தப் பகுதி விழுந்தது. அந்த டிசம்பரில், மீண்டும் ஒரு இரண்டாம் சுற்றில், அமெரிக்கக் கால்பந்து நட்சத்திரம் ஹெர்ஷல் வாக்கரை ஏறக்குறைய 1 லட்சம் வாக்குகளில் தோற்கடித்தார் வார்னாக்.

டெக்சாஸில் ஜேம்ஸ் தலாரிகோ. முன்னாள் பள்ளி ஆசிரியர், பிரெஸ்பிட்டேரியன் இறையியல் கல்லூரி மாணவர், மாநிலச் சட்டமன்ற உறுப்பினர். 2018இல் அவருக்கே முதல் வகை நீரிழிவு வந்தது. முதல் மாத இன்சுலினுக்கு 684 டாலர் கட்டினார். மாநில அரசின் ஒழுங்குமுறைக்கு உட்பட்ட காப்பீடுகளில் அதை 25 டாலராகக் குறைத்த 2021ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னால் அவருடைய உழைப்பும் உண்டு. வகுப்பறைகளில் பத்துக் கட்டளைகளை மாட்ட வேண்டும் என்ற மசோதா 2023இல் வந்தபோது, கிறிஸ்தவன் என்ற முறையிலேயே எதிர்த்தார். அயலானை நேசிக்கச் சொன்ன மதம் பிற மதத்துப் பிள்ளைகள் மேல் திணிக்கப்படலாமா என்பது அவர் வாதம். 2025இல் அது சட்டமாகிவிட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் செனட் தேர்தலில் இறங்குவதாக அறிவித்தார். சண்டை இடதுக்கும் வலதுக்கும் இடையில் இல்லை, மேலே இருப்பவர்களுக்கும் கீழே இருப்பவர்களுக்கும் இடையில் என்பதே அவருடைய பேச்சின் பல்லவி.

இவர்களால் வெள்ளை எவாஞ்சலிக்கல் வாக்கு இந்தப் பக்கம் திரும்பிவிட்டதா என்றால், இல்லை. 2016, 2020, 2024 மூன்று தேர்தல்களிலும் அவர்களில் 10 பேருக்குச் சுமார் 8 பேர் டிரம்புக்கே வாக்களித்தார்கள். கருக்கலைப்பு உரிமையை ஆதரிக்கும் போதகர் என்று வார்னாக் சொன்னதும், கறுப்பினப் போதகர்கள் சிலரே பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். ஜனநாயகக் கட்சிக்குள்ளும் சிக்கல் உண்டு. மதமே வேண்டாம் என்பவர்கள் அங்கே பெருகிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் மத்தியில் வசனம் சொல்லி வாக்குக் கேட்பது எளிதல்ல.

இன்சுலின் இவர்களுக்குக் கைகொடுப்பது அங்கேதான். நோயாளியைக் கவனிப்பது கர்த்தரின் கட்டளை என்று ஆராதனைக்கு வந்தவர் எடுத்துக்கொள்கிறார். 35 டாலர் நியாயமான விலை என்று ஒப்புக்கொள்ள, கோயில் பக்கமே போகாதவருக்கு எந்த வசனமும் தேவையில்லை. கருக்கலைப்பில் இரண்டாகப் பிரிகிற சபை, மருந்துக்கடை பில்லில் ஒன்றாகிவிடுகிறது. பிரயன் விவசாயியின் கடனைப் பேசியபோது நாடே திரும்பிப் பார்த்தது. வகுப்பறையில் எதைக் கற்பிக்கலாம் என்று பேசப் போனபோது பாதி நாட்டை இழந்தார். வேதத்தை விலைவாசியில் இறக்குகிற வரைக்கும்தான் இந்த அரசியலுக்குக் கூட்டம் சேர்கிறது.

கூட்டம் சேர்ந்தால் மட்டும் போதுமா? அது வாக்குச்சாவடி வரை வர வேண்டும். கறுப்பினச் சபைகள் ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு மக்களைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு வாக்களிக்கப் போகின்றன. 2021இல் ஜார்ஜியாவில் அந்த ஞாயிற்றுக்கிழமை வாக்குப்பதிவின் மேலேயே கைவைக்கப் பார்த்தார்கள் குடியரசுக் கட்சியினர். எதிர்ப்பு கிளம்பவே விட்டுவிட்டார்கள். அந்தக் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)