தக்காளி இலைப்புள்ளி நோயும் வெள்ளி மருந்தும்

தக்காளி இலைகளில் முதலில் நீர் கோத்தாற்போல் சிறு புள்ளிகள் தோன்றும். சில நாட்களில் அவை கறுத்து, சுற்றிலும் மஞ்சள் படரும். புள்ளிகள் ஒன்றாகச் சேர்ந்ததும் இலை கருகி உதிரும். காயில் சொறி போன்ற தடிப்பு எழும்பும். அத்தகைய காய்க்குச் சந்தையில் விலை இல்லை. இதுவே பாக்டீரியா இலைப்புள்ளி நோய். இலைக்கருகல் நோயில் புள்ளிக்குள் வளையம் வளையமாகத் தெரியும். இதில் அப்படித் தெரியாது. வேறுபாடு அறியாமல் பூசணக்கொல்லியை மட்டும் தெளித்தால் பணம்தான் விரயம்.

அமெரிக்காவில் புளோரிடா மாநிலம் தக்காளி சாகுபடிக்குப் பேர் போனது. வெப்பமும் மழையும் மிகுந்த இடமாதலால் இந்நோயும் அங்கு அதிகம். தொடக்கத்தில் ஸ்ட்ரெப்டோமைசின் தெளித்தார்கள். 1960-களின் ஆரம்பத்திலேயே அதற்கு மசியாத பாக்டீரியாக்கள் தோன்றிவிட்டன. அடுத்துத் தாமிர மருந்துகளை நம்பினார்கள். 1980-களில் தாமிரத்தையும் தாங்கும் பாக்டீரியாக்கள் கண்டறியப்பட்டன. பிறகு தாமிரத்துடன் மாங்கோசெப் கலந்து தெளிப்பது வழக்கமாயிற்று. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பத் தெளித்தால், சாகாமல் தப்பியவை மட்டுமே பெருகும்.

வெள்ளிக்குப் பாக்டீரியாவைக் கொல்லும் சக்தி உண்டு என்பது பழைய செய்தி. துகள் எவ்வளவு சிறியதோ அவ்வளவு வீரியம். ஆனால் மிக நுண்ணிய துகள்கள் தண்ணீரில் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும்; வீரியமும் குறைந்துவிடும். இதற்குப் புளோரிடா பல்கலைக்கழக விஞ்ஞானிகள் ஒரு வழி கண்டு, 2013-இல் வெளியிட்டார்கள். பென்சில் கரியான கிராபைட்டிலிருந்து தயாரிக்கும் கிராபீன் ஆக்சைடு என்ற மிக மெல்லிய தகட்டின் மேல் டி.என்.ஏ. இழைகளைப் படியவைத்து, அந்த இழைகளின் மேல் வெள்ளித் துகள்களை வளரச் செய்தார்கள். தகட்டைப் பந்தல் என்றால், இழை கொடி. வெள்ளி, கொடியில் தனித்தனியே தொங்கும் காய். துகள்கள் ஒட்டிக்கொள்ள வழியில்லை. இப்படிப் பல பொருள்களை நுண்ணளவில் இணைத்துச் செய்வதை நானோ கூட்டுப்பொருள் என்கிறார்கள். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர்.

ஆய்வுக்கூடத்தில் லிட்டருக்கு 16 மில்லிகிராம் அளவிலேயே இது பாக்டீரியாவை நன்கு அழித்தது. பசுமைக்குடிலில் தக்காளி நாற்றுகளின் மேல் லிட்டருக்கு 100 மில்லிகிராம், அதாவது 10 லிட்டர் டாங்குக்கு 1 கிராம் வீதம் தெளித்ததில் நோய் கணிசமாகக் குறைந்தது. செடிக்குக் கெடுதல் இல்லை. ஆனால் கிடைத்த பலன், அங்குள்ள விவசாயிகள் வழக்கமாகத் தெளிக்கும் மருந்தின் பலனை ஒத்தே இருந்தது. புது மருந்தைப் புகழ்வோர் இதைச் சொல்ல மறந்துவிடுவதுண்டு. தாமிரம் கைவிட்ட இடத்தில் மாற்று ஒன்று கிடைக்கலாம் என்பதே இதன் மதிப்பு.

குடிலில் நடந்த சோதனை வேறு, மழையும் வெயிலும் அடிக்கும் வயல் வேறு. மண்ணில் நன்மை செய்யும் பாக்டீரியாக்களும் உள்ளன. நல்லது எது, கெட்டது எது என்று வெள்ளி பார்ப்பதில்லை. இவ்வகைப் பொருள்களைச் சோதித்து மதிப்பிட இந்திய அரசு 2020-இல் நெறிமுறைகள் வெளியிட்டது. 'நானோ வெள்ளி' என்று யாரேனும் குப்பி கொண்டுவந்தால், லேபிளில் பதிவு எண், பயிரின் பெயர், நோயின் பெயர், அளவு ஆகியவை உள்ளனவா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் வாங்க வேண்டாம்.

இந்நோய் விதை மூலமும் வரும். சொந்த விதையானால் 50 டிகிரி சென்டிகிரேடு வெந்நீரில் 25 நிமிடம் வைத்து, உடனே குளிர்ந்த நீரில் ஆற்றி, நிழலில் உலர்த்தி விதைக்கலாம். வெப்பமானி இல்லாமல் கைப்பக்குவத்தில் செய்தால் முளைப்பு கெடும். மருந்து பூசி வரும் வீரிய ஒட்டு விதைக்கு இது ஆகாது. தண்ணீரை இலைமேல் தெளிக்காமல் வேரடியில் பாய்ச்ச வேண்டும். செடி ஈரமாக இருக்கும்போது கொல்லைக்குள் இறங்கி வேலை செய்யக் கூடாது. நோய் கண்ட வயலில் அடுத்த போகம் தக்காளியோ மிளகாயோ வைக்காமல், மக்காச்சோளம் போன்ற வேறு பயிர் வைப்பது நல்லது.